மரபுப் பகைவர்: அண்டைப் பள்ளிகளின் ஆட்ட வரலாறு



மலாய்மொழிக் காற்பந்து வருணனையாளர்கள் அடிக்கடி ஆளும் சொற்றொடர் ஒன்றுண்டு: 'செத்தெரு திராடிசி'. மரபுப் பகைவர் என்று அதைத் தமிழில் சொல்லலாம். 'செத்தெரு' நமக்கு அந்நியமான சொல்லன்று. நாம் 'சத்துரு' என்று வழங்கும் அதே வடசொல்தான் கடல் கடந்து மலாய்க்குள் நுழைந்து இவ்வாறு உருத்திரிந்தது. 1921-ஆம் ஆண்டு 'மலாயா' என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் நன்கொடையாக அளித்த கிண்ணத்துக்காகச் சிலாங்கூரும் சிங்கப்பூரும் மோதின. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என வென்றது. அன்று தொடங்கிய செத்தெரு உறவு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள்.

நான் இங்கு எழுத வந்தது மாநிலங்களைப் பற்றியன்று; பள்ளிகளைப் பற்றி. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் அமைந்த இரு பள்ளிகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று வெல்லத் துடிப்பது எப்படி உண்டாகிறது, எப்படி நிலைக்கிறது என்பதே என் வினா. இவ்வினா என்னிடம் எழக் காரணம் என் வகுப்பு மாணவன் ஒருவன். வரலாற்றுப் பாடத்தினிடையே, "சார், நம்ம பள்ளிக்கு எதிரிப் பள்ளி எது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. அப்படியொன்று நமக்கு இல்லை என்பதே உண்மை. ஏன் இல்லை என்று தேடியபோது கிடைத்தவற்றையே கீழே தருகிறேன்.

முதலில் கோலாலம்பூர். மெர்டேக்கா அரங்கத்தை ஒட்டிய பெட்டாலிங் குன்றில் இரண்டு பழம்பெரும் பள்ளிகள் அண்டைவீட்டாராக வாழ்ந்துவருகின்றன. ஒன்று 1897-இல் தோன்றிய மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி. மற்றொன்று விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். இதற்கு 1893-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1894-இல் வகுப்புகள் தொடங்கின. முதலில் கிள்ளான் ஆற்றங்கரையோரம் ஹைஸ்திரீட்டில் இருந்த அப்பள்ளி, வெள்ளத் தொல்லை தாளாமல் 1929-இல் குன்றின்மேல் ஏறிக்கொண்டது. விக்டோரியாவைத் தோற்றுவித்த அறங்காவலர்களுள் நம் இனத்தவரான காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். பத்துமலைக்கும் மகாமாரியம்மன் ஆலயத்துக்கும் தொண்டாற்றிய அவரை நாம் கோயிலோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். விக்டோரியாவிலோ அவர் பெயரில் ஒரு விளையாட்டு இல்லமே உண்டு. மலாய் மாணவனும் சீன மாணவனும் "தம்புசாமி, தம்புசாமி" என்று தொண்டை கிழியக் கத்தி ஓடும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

நகரின் மறுபக்கத்தில் புக்கிட் நானாஸ் குன்றில் 1904-இல் லா சால் சகோதரர்கள் செயிண்ட் ஜான்ஸ் இன்ஸ்டிடியூஷனைத் தொடங்கினார்கள். அரசு சார்ந்த விக்டோரியா ஒருபுறம், கத்தோலிக்கரின் செயிண்ட் ஜான்ஸ் மறுபுறம், மெதடிஸ்டுகளின் பள்ளி பக்கத்து வீட்டில். காற்பந்தானாலும் வளைகோலானாலும் ஓட்டப் பந்தயமானாலும் இவர்களுக்குள் யார் பெரியவர் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. நாட்டின் தலைசிறந்த காற்பந்து வீரர் எனப் போற்றப்படும் மொக்தார் டஹாரி விக்டோரியாவின் மாணவர். 1957 ஆகஸ்டு 30-இல் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பெற்றபின், குன்றின் பள்ளிகளுக்கு நாட்டின் முதன்மைக் காற்பந்துத் திடலே பக்கத்து வீடாகிவிட்டது. இன்று அவ்வரங்கத்தின் அருகில் 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது. அதன் நிழல் இரு பள்ளிகளின் திடல்மீதும் விழுகிறது.

இவ்விடத்தில் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளை நினைக்காமல் இருக்க முடியாது. அண்மையில், 2024 நவம்பரில், மறைந்த தொழிலதிபர் த. ஆனந்தகிருஷ்ணன் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர் விக்டோரியாவுக்குச் சென்றவர். அவரைப்போல் எத்தனையோ பேர். தமிழ்ப்பள்ளியில் ஆனா ஆவன்னா கற்ற பிள்ளை, பன்னிரண்டு வயதில் ஆங்கிலப்பள்ளிச் சீருடை அணிந்தவுடன் அப்பள்ளியின் வெற்றி தோல்விகளுக்கு வாரிசாகிவிடுகிறான். விக்டோரியாவில் சேர்ந்தால் செயிண்ட் ஜான்ஸ் அவனுக்குப் பகை. செயிண்ட் ஜான்ஸில் சேர்ந்தால் விக்டோரியா பகை. அறுபது வயதில் விருந்தில் சந்திக்கும்போதும் அதையே பேசிச் சிரிப்பார்கள். தாம் ஆறாண்டு பயின்ற தமிழ்ப்பள்ளி எந்தப் பள்ளியை எந்த ஆண்டில் வென்றது என்று கேட்டால் விழிப்பார்கள். கடன் வாங்கிய பகை என்றே எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

தமிழர்களுக்கே உரிய பள்ளிப் பகை உலகில் எங்கும் இல்லையா? இருக்கிறது. அதற்குரிய வழியும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தே தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் கருவூலத்திலும் எழுத்தர் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் அணியணியாகக் கப்பலேறினர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் அவர்கள் குடியமர்ந்தனர். 1900-இல் சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம் கண்டனர். ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பினர். 1914-இல் விளையாட்டுக்கென்றே 'டி.பி.சி.ஏ.' என்ற தமிழர் உடற்பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினர். கோவிலுக்கும் சங்கத்துக்கும் அடுத்தபடியாக அவர்கள் தேடியது விளையாட்டுத் திடல் என்பதை இங்குக் கருத வேண்டும். என் தாத்தா பால்மரம் வெட்டியவர். அவருக்குச் 'சிலோன்காரர்' என்றால் நினைவுக்கு வருவது கிராணியின் பேரேடும் அவருடைய வெள்ளைக் காற்சட்டையும்தான். இரு சாரார்க்கும் மொழி ஒன்று, பள்ளி வேறு. அந்தப் 'பள்ளி வேறு' என்பதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி.

யாழ்ப்பாண மத்திய கல்லூரி 1816-இல் வெஸ்லியன் மிஷன் நிறுவிய ஆங்கிலப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. பீட்டர் பேர்சிவல் பாதிரியார் 1834-இல் அதற்கு 'மத்திய' என்னும் பெயரைச் சூட்டினார். ஆறுமுக நாவலர் அங்குதான் ஆங்கிலம் கற்றார், அங்கேயே ஆசிரியருமானார், பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். சைவத்தின் காவலராக நாம் வணங்கும் நாவலர் ஒரு மெதடிஸ்ட் பள்ளியின் பழைய மாணவர் என்பது நம்மவர் பலருக்கும் வியப்பாக இருக்கும். மற்றொன்று சென் ஜோன்ஸ் கல்லூரி. 1823-இல் சர்ச் மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைட் நல்லூரில் தொடங்கிய பள்ளி, 1840-களில் சுண்டிக்குளிக்கு இடம் பெயர்ந்தது. 1891-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். இரண்டும் புராட்டஸ்டண்டு மிஷன் பள்ளிகள். ஊரும் ஒன்று, மொழியும் ஒன்று, ஆட்சியும் ஒன்று. அயலானை விடப் பங்காளியோடுதான் வழக்கு அதிகம் என்பது நம் குடும்பங்களில் நாம் காணாததா?

1904-இல் இவ்விரு பள்ளிகளும் முதன்முதலாகக் கிரிக்கெட் ஆடின. காற்பந்தன்று என்பதில் என் மாணவர்களுக்குச் சிறிது ஏமாற்றம். இலங்கையில் பள்ளிகளின் 'பெரும் போட்டி' என்றாலே கிரிக்கெட்தான். அவர்கள் அதைத் துடுப்பாட்டம் என்பார்கள். கொழும்பில் ரோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் 1879 முதல் ஆடிவரும் ஆட்டமே அதற்கு முன்மாதிரி. யாழ்ப்பாணத்தில் காற்பந்துக்குப் பேர்போன பள்ளிகளும் உண்டு. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் இளவாலை சென் ஹென்றிஸ் கல்லூரியும் அவற்றுள் முன்னிற்பவை. மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி அண்மைக் காலத்தில் அகில இலங்கைப் பட்டங்களைப் பலமுறை வென்றிருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

'வடக்கின் பெரும் போர்' என்று இன்று அழைக்கப்பெறும் அந்தக் கிரிக்கெட் ஆட்டம் மார்ச் மாதத்தில், மத்திய கல்லூரித் திடலில், மூன்று நாள் நடைபெறும். கொடி கட்டிய வண்டிகள் ஊர்வலம் வரும். மேளமும் ஊதுகுழலும் காதைத் துளைக்கும். இலண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் விடுமுறை எடுத்துக்கொண்டு பழைய மாணவர்கள் வந்திறங்குவார்கள். ஆட்டத்தைப் பார்ப்பதினும், தம் வகுப்புத் தோழன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கவே பலர் வருகிறார்கள் எனலாம்.

அத்திடல் அமைந்த இடத்தைக் கவனியுங்கள். ஒருபுறம் பொதுநூலகம், சற்றுத் தள்ளி டச்சுக்காரர் கோட்டை. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அந்நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின என்பர். கோட்டைக்குள் இராணுவமும் வெளியே போராளிகளுமாக 1990 வரை நடந்த முற்றுகைகளில் அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் குண்டுகளுக்கு இரையாயின. மத்திய கல்லூரியும் தப்பவில்லை. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே ஓரிரவில் மூட்டை கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. மாணவனும் ஆசிரியரும் அகதிகளாகிவிட்டால் மட்டையை யார் பிடிப்பது?

இவ்வரலாற்றில் என்னை உறங்கவிடாத செய்தி ஒன்றுண்டு. 1985 ஜூன் மாதத்தில் சென் ஜோன்ஸ் கல்லூரியின் அதிபர் சி. இ. ஆனந்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவத்தினரோடு நட்புமுறையில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. கொன்றவர்கள் விடுதலைப் புலிகள் என்பதே பரவலாகப் பதிவாகியுள்ளது. ஒரு பள்ளித் தலைமையாசிரியர், விளையாட்டு ஆட்டம் ஒன்றின் பொருட்டு, உயிரை இழந்தார். அண்டைப் பள்ளியோடு ஆடினால் அதைத் திருவிழா என்றவர்கள், எதிரிப் படையோடு ஆடியதைத் துரோகம் என்றார்கள். யாருடன் ஆடலாம், யாருடன் ஆடக்கூடாது என்பதைத் தீர்மானிப்பவனிடமே அதிகாரம் இருக்கிறது. ஆசிரியனாகிய நான் இதை எத்தரப்புக்கும் வக்காலத்து வாங்காமல், கொலை என்றுதான் எழுதுவேன்.

போர் இல்லாத காலத்திலும் அவ்வாட்டம் முழுவதும் பால்போல் வெண்மையாக இருந்துவிடவில்லை. 2014-ஆம் ஆண்டு ஆட்டத்தின்போது மூண்ட கைகலப்பில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 'போர்', 'சமர்' என்று பெயர் சூட்டி மகிழும்போது அச்சொற்களுக்குள் கிடக்கும் கத்தியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆட்டமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அங்குள்ளவர்களும் அப்படிச் சொல்லவில்லை. காவலைக் கூட்டினார்கள், அடுத்த மார்ச்சில் மீண்டும் ஆடினார்கள்.

இடையில் தவறிய ஆண்டுகள் போக, ஆட்டங்களின் எண்ணிக்கை இன்று 115-ஐத் தாண்டிவிட்டது. இவ்வெண்ணை யாழ்ப்பாணத்தார் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள்: 'நூற்றுப் பதினைந்தாவது வடக்கின் பெரும் போர்' என்று. நூலகம் எரிந்தது, கட்டடம் இடிந்தது, மக்களில் பெரும்பகுதி நாடு கடந்தது. ஆயினும் எண்ணும் வழக்கம் அறுபடவில்லை.

இத்தகைய எண்ணும் வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மாசிலன், காண்டன் என்று இரண்டு அண்டை ஊர்கள் உள்ளன. அவற்றின் உயர்நிலைப்பள்ளிகள் 1894 முதல் அமெரிக்கக் காற்பந்தில் மோதிவருகின்றன. மாசிலன் மருத்துவமனையில் ஆண்குழந்தை பிறந்தால் தொட்டிலில் ஒரு சிறிய பந்தை வைக்கும் வழக்கம் பல காலம் இருந்தது. நாம் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பதுபோல் அவர்கள் பந்து வைத்திருக்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் காற்பந்து இல்லாமல் இருந்ததில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் திடல் இருந்தது. மாலையில் பால் நிறுத்து முடிந்ததும் வெறுங்காலோடு ஆடினார்கள். கிள்ளான் துறைமுகப் பகுதியிலிருந்து வந்தவர்தான் நம் நாட்டின் புகழ்பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்தவர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, அரசின் புறக்கணிப்பு முடிவால் போகாமல் நின்ற அணியில் அவர் இருந்தார். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் முத்து என்ற கோல்காவலர் பாத்திரம் அவரை மனத்திற் கொண்டே அமைந்தது. ஆட்டக்காரர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பஞ்சம் வேறிடத்தில் இருந்தது.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்று கணக்கு. இன்று 530-க்கும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று இன்றும் பெயர்ப்பலகை உண்டு. சுற்றிலும் நகரம் வந்துவிட்டது. தோட்டம் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பள்ளி நிலைத்திருக்கும் இடத்திலும் திடல் நிலைத்திருப்பதில்லை. நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் காற்பந்துப் பயிற்சி நடந்தது கார் நிறுத்துமிடத்தில்தான். தலைமையாசிரியரின் புரோட்டோன் வண்டிதான் வலப்புறக் கோல்கம்பம்.

எனினும் திடலைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பிறகு அரசு உதவியோடு தமிழ்வழி இடைநிலைப்பள்ளி என்பதற்கே இடமில்லாமற் போயிற்று. சீனர்கள் அச்சட்டத்தை எதிர்கொண்டு தம் செலவில் தனியார் இடைநிலைப்பள்ளிகளை நடத்தினார்கள். கிள்ளானில் மட்டும் ஹின் ஹுவா, குவாங் ஹுவா, பின் ஹுவா, சுங் ஹுவா என நான்கு. ஓர் ஊருக்குள் நான்கு பள்ளிகள்! கூடைப்பந்துத் திடலில் அவர்களுக்குள் நடப்பதைச் சொல்லவும் வேண்டுமோ. நம் பிள்ளையோ பன்னிரண்டு வயதில், சிலர் புகுமுக வகுப்பு என்னும் இடைப்படியில் ஓராண்டு நின்று, பத்து வெவ்வேறு தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்குச் சிதறிவிடுகிறான். பகையாகட்டும் நட்பாகட்டும், அது முற்றுவது பதினைந்து பதினாறு வயதில். அவ்வயதில் அவன் வேறொரு பள்ளியின் கொடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தன் தமிழ்ப்பள்ளிக்காக உரக்கக் கத்தியவன் என்ற நினைவு அவனிடம் இல்லாதபோது, முப்பது வயதில் அவன் அப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ கட்டட நிதிக்கோ வருவான் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்? தன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று இருவர் தயங்கி நிற்கும் இரவில், அவர்களுடைய தயக்கத்தின்மேல் இந்த வெற்றிடமும் அழுந்துகிறது என்பது என் கணிப்பு. செந்தூலில் தம்புசாமிப் பிள்ளை பெயரில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. விக்டோரியாவில் அவர் பெயரில் விளையாட்டு இல்லம் இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லிப் பழைய மாணவர்கள் எங்கு அதிகம் கூடுகிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மாவட்ட எம்.எஸ்.எஸ். போட்டிகள் நடக்கத்தானே செய்கின்றன என்று சிலர் கேட்கலாம். நடக்கின்றன. ஆனால் அங்கு எதிரணியைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இவ்வாண்டு ஒரு தேசியப்பள்ளி, மறு ஆண்டு ஒரு சீனப்பள்ளி. தோற்றால் வீட்டுக்குப் போய்விடலாம். அடுத்த ஆண்டு அதே பள்ளியைப் பார்த்துப் பழிதீர்க்கும் வாய்ப்பு அரிது. தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே கிண்ணப் போட்டிகளும் அவ்வப்போது தோன்றும். புரவலர் ஒருவரின் பெயரில் தொடங்கும். அவர் பதவியிழந்தால் கிண்ணமும் காணாமற்போகும்.

ஆகவே எங்கள் பள்ளியும் பேருந்தில் பத்து நிமிடத் தொலைவிலுள்ள மற்றொரு தமிழ்ப்பள்ளியும் பேசி ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். புரவலர் இல்லை, கிண்ணத்துக்கு யார் பெயரும் இல்லை. எழுவர் அணி, பாதிக்கு இருபது நிமிடம். ஆண்டுதோறும் ஒரே சனிக்கிழமை, மார்ச் மாதத்தின் மூன்றாவது சனி. ஓராண்டு அவர்கள் திடலில், மறு ஆண்டு எங்கள் பக்கத்துப் பொதுத்திடலில். முன்னாள் மாணவர்களுக்குத் தனியாக ஓர் ஆட்டம், பிள்ளைகளின் ஆட்டத்துக்கு முன்னரே. வயிறு பெருத்தவர்கள் வெயில் ஏறுவதற்குள் ஆடி முடிக்க வேண்டுமே.

இரு பள்ளிகளிலும் தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒவ்வொன்று வாங்கி வைத்திருக்கிறோம். தேதி, ஆட்டக்காரர் பெயர், கோல் அடித்தவர், நடுவர், மழையா வெயிலா, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டாயிற்று. முதல் பக்கத்தின் தலைப்பில் '1-ஆவது ஆட்டம்' என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அழகாக எழுதித் தந்திருக்கிறாள். 'எதிரிப் பள்ளி எது' என்று கேட்டவன் வலப்பக்கத் தாக்குதலில் ஆடுகிறான். அவர்களுடைய கோல்காவலர் நல்ல உயரமாம். இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டான்.